பாக்கியத்தின் பேரில்

பதுளைக் கல்லூரியிலிருந்து வந்த தொலைபேசி அழைப்போடு சுபாஜினியைப் பிள்ளைக்காம்பரா வாசலில் நிற்கவிட்டுப் போன வாரம் பிரிந்தோம். பாவம், அன்றைக்கு அவள் இரவுச் சோறு தொடவில்லை. அடுத்த நாளும் பேருக்குத்தான் சாப்பிட்டாள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. லுணுகலைக்கு மேலே இருக்கிற இந்தத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. சுபாஜினி அங்கே ஆயா. வேலையையும் விடாமல், பண்டாரவளையில் ஒரு நிறுவனத்தில் சிறுவர் பராமரிப்பு டிப்ளோமாவில் சேர்ந்து முதல் வருஷத்தை முடித்தாள். இரண்டாம் வருஷம் தொடங்குவதற்குள் அந்த நிறுவனம் கதவைச் சாத்திவிட்டது.

பதுளையில் வேறொரு கல்லூரி கை கொடுத்தது. படித்து முடித்த பாடங்களுக்குரிய கிரெடிட்டை ஏற்றுக்கொள்கிறோம், மீதியை இங்கே படி என்றது. பசறையில் பஸ் பழுதாகி அடுத்த பஸ்ஸில் ஏறுகிறவரிடம், பதுளையிலிருந்து மறுபடி டிக்கெட் எடு என்று யாரும் கேட்பதில்லையே, அது மாதிரி.

அதற்கு மேலும் ஒன்று இருந்தது. வகுப்பில் உட்காராமல், வேலை செய்தே கற்றுக்கொண்டதற்கும் அந்தக் கல்லூரி கிரெடிட் கொடுக்கும். ஐந்து வருஷம் பொறுப்பாகப் பிள்ளை பார்த்திருந்தால், ஒரு வருஷக் களப்பயிற்சி தேவையில்லை. தைப்பொங்கலுக்குள் சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

ஏன் பொங்கலுக்குள் என்றால், பிள்ளைக்காம்பராவின் பொறுப்பு மிஸ் கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போகிறாள். அந்த நாற்காலிக்குச் சான்றிதழ் உள்ளவர் வேண்டும். சுபாஜினியிடம் இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வருவார். வந்தவர் லேசில் போகமாட்டார். சுபாஜினி கிழவியாகும் வரை ஆயாதான்.

விண்ணப்பத்தில் அவள் ஆறு வருஷ வேலை என்று எழுதினாள். தோட்டத்து ஆபீஸோ இரண்டு வருஷம் என்றது. இரண்டும் உண்மை. முதல் நாலு வருஷமும் அவள் தன் மாமியார் பாக்கியலெட்சுமியின் பேரில் வேலை செய்தாள்.

தோட்டத்தில் இது புதுசு இல்லை. பாக்கியலெட்சுமிக்கு இளைப்பு வந்து, படி ஏற முடியாமல் போனது. அவள் வேலையிலிருந்து நின்றால் ஆபீஸ் பதிவில் பேர் வெட்டுப்படும். பேர் வெட்டுப்பட்டால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். புதுப் பேர் பதிகிற காலமும் அது இல்லை. மாமியார் பேரில் மருமகள் போய் நின்றாள். கங்காணிக்குத் தெரியும், கிளாக்கருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கத் துரைக்கும் தெரியும். மாமியாருக்கு வயது வந்து ஓய்வு கொடுத்த பிறகுதான் சுபாஜினி சொந்தப் பேரில் பதிந்தாள்.

கல்லூரிக்கு யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்: சுபாஜினி பொய் சொல்கிறாள், அந்த நாலு வருஷமும் வேலை பார்த்தது வேறு ஆள் என்று. நேரில் பார்த்து முடிவெடுக்க நளீரா மிஸ் என்பவர் வியாழக்கிழமை வருவார் என்று சொல்லத்தான் அந்த அழைப்பு.

இன்று வியாழக்கிழமை.

விடியற்காலையில் அடுப்பை மூட்டிவிட்டுச் சுபாஜினி அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் போட்டது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஆபீஸில் கடிதம் கொடுத்த இராசையா கிளாக்கர். புருஷன் விஜேந்திரன். அப்புறம் மாமியார்.

கிளாக்கருக்கு என்ன லாபம்? விஜேந்திரனோ, போன வாரம் கேட்டவுடன் கொதித்துப்போய், எவன் பண்ணினான் என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியவன்.

மிச்சம் ஒருவர்தான்.

மாமியாருக்குக் காரணமும் இருந்தது. மேட்டில் தனி வீடு கட்டுவதற்கு அத்திவாரம் போட்டாகிவிட்டது. ஓய்வு பெறும் வரை இடைவிடாமல் வேலை செய்தவர்களுக்கே முதல் வீடுகள் என்று சொல்லியிருந்தார்கள். பாக்கியலெட்சுமியின் பேர் அதில் இருந்தது. அந்த நாலு வருஷமும் அவள் வேலை செய்யவில்லை என்று வெளியே வந்தால் அந்தப் பேர் என்ன ஆகும்?

தினமும் சாயங்காலம் பாக்கியலெட்சுமி அந்த அத்திவாரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தன் அடுப்பு எந்த மூலையில் வரும் என்பதுகூட அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. ஆட்டோ நிறுத்த விஜேந்திரனும் அதன் ஓரத்தில் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தான்.

வீட்டுக்குள் மூவரும் பேசி ஒரு வழி வைத்திருந்தார்கள். வேலை செய்தது பாக்கியலெட்சுமிதான், சுபாஜினி கூடவே ஒத்தாசையாக நின்றாள் என்று சொல்வது. வீடும் தப்பும், அனுபவமும் கணக்கில் வரும். விஜேந்திரன் கண்டுபிடித்த வழி அது.

அவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தான். தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

"கட்டிருச்சா?" என்றாள்.

தலையாட்டினான். நேற்று ராத்திரி மழையில் லுணுகலையில் நின்றதுதான் என்று காற்றாக ஒரு சத்தம் வந்தது. கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றிக் கொடுத்தாள். மிஸ்ஸை லுணுகலையிலிருந்து அவனுடைய ஆட்டோவில்தான் ஏற்றி வரவேண்டும். குரல் இல்லாவிட்டால் என்ன, ஓட்டுவதற்குக் கை கால் போதும்.

அப்போதுதான் மாமியார் தடுப்புத் தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள். மாரியம்மன் திருவிழாவுக்கு எடுத்த கத்தரிப்பூக் கலர் சேலை. தலையை எண்ணெய் வைத்து அள்ளி முடிந்திருந்தாள்.

சுபாஜினி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க அத்தை போறீங்க?"

"ஏன், நான் வெளிய போகக் கூடாதா?"

"இன்னக்கி மிஸ் வாறாங்க."

"வரட்டும். என்னயப் பாக்கவா வாறாங்க?"

பாக்கியலெட்சுமி செருப்பைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க ஆபீஸ் பாதையில் இறங்கினாள். திருப்பத்தில் அந்தச் சேலை மறையும் வரை சுபாஜினி பார்த்துக்கொண்டே நின்றாள்.

வேலைக்குக் கூப்பிடுகிற பெரட்டுச் சத்தம் கேட்டதும் தாய்மார் பிள்ளைகளோடு வரத் தொடங்கினார்கள். மேட்டு லயத்துக்காரி தன் குட்டியை இடுப்பிலிருந்து இறக்கும்போதே செய்தியையும் இறக்கினாள். ஆபீஸ் விறாந்தையில் பாக்கியம் உட்கார்ந்திருக்கிறாளாம். கிளாக்கரோடு குசுகுசு என்று பேச்சாம். கண்ணைத் துடைத்ததாகவும் பார்த்தாளாம்.

"ஒங்க அத்தைக்கு அங்க என்ன வேல, சுபா? ஓய்வு வாங்குன ஆளு."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேளேன்."

"கேட்டேன். சேலையத்தான் காட்டுனாங்க."

மேட்டு லயத்துக்காரி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சுபாஜினிக்குச் சிரிப்பு வரவில்லை. கிளாக்கரும் மாமியாரும் சேர்ந்துதான் போன் பண்ணியிருக்கிறார்கள் என்று மனதில் அப்போதே முடிந்துவிட்டது. நம்பர் எடுத்துக் கொடுத்தது கிளாக்கர், பேசியது மாமியார். சேர்த்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வந்தது. சந்தேகத்துக்கு இந்தக் குணம் உண்டு. ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால், பார்க்கிறதெல்லாம் அதற்குச் சாட்சி சொல்ல வந்து நிற்கும்.

நளீரா மிஸ் காலை ஒன்பது மணிக்கு வருவதாக ஏற்பாடு. பசறைக்கு இப்பால் மண் சரிந்து பஸ்கள் நின்றுவிட்டன. அவர் வந்து சேரும்போது மத்தியானச் சோறு முடிந்து, பிள்ளைகள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

ஆட்டோ வாசலில் நின்றது. பழுப்பு நிற அபாயாவில், கையில் குடையோடு ஒரு அம்மா இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். உள்ளே வந்தவுடன் கூரையைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், வாசல் கேட்டின் கொளுக்கியைப் பார்த்தார், கடைசியில்தான் சுபாஜினியைப் பார்த்தார்.

"உங்கட மாப்பிள்ள பேசவே மாட்டாரா?" என்று கேட்டார். "நான் கேட்ட எல்லாத்துக்கும் தலய மட்டும்தான் ஆட்டினார்."

"தொண்ட கட்டியிருக்கு மிஸ்."

அவன் பேசாமல் வந்தது சுபாஜினிக்கே அதிசயம்தான். அந்தப் பாதையில் எந்தத் திருப்பத்தில் லொறி புரண்டது, எந்தப் பாறையில் புலி படுத்திருந்தது என்று ஏறுகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லாமல் அவனுக்கு ஆட்டோ ஓடாது. இப்போதும் அவன் உள்ளே வரவில்லை. ஆட்டோவிலேயே உட்கார்ந்து, கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நளீரா மிஸ் மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தான் இல்லாத மாதிரி வேலையைச் செய்யச் சொன்னார். இல்லாத மாதிரி எப்படிச் செய்வது? சுபாஜினி குனிந்தால் அவர் பார்வையும் குனிந்தது. அவள் நிமிர்ந்தால் அதுவும் நிமிர்ந்தது.

ஒரு கைக்குழந்தை சிணுங்கத் தொடங்கியது. சுபாஜினி அதன் தாய் காலையில் விட்டுப்போன தலைத்துணியை எடுத்து, தொட்டில் கயிற்றில் முகத்துக்கு எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். தாயின் வாசம் மூக்கில் பட்டதும் சிணுங்கல் குறைந்தது.

"இது பண்டாரவளையில படிச்சதா?"

"இல்ல மிஸ். இங்கதான். ஒரு பிள்ள ரெண்டு நாளாப் பால் குடிக்காமக் கெடந்துச்சு. என்ன பண்ணியும் அழுக நிக்கல. அப்பத்தான் தோணுச்சு."

"எந்தப் பிள்ள?"

"லோஷினின்னு."

"லோஷினி இப்ப எங்க?"

"ஸ்கூல் போகுது மிஸ். ரெண்டாம் வகுப்பு."

சொல்லி முடித்த பிறகுதான் சுபாஜினிக்கு உறைத்தது. நளீரா மிஸ் குடையை மடியிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"ரெண்டாம் வகுப்புப் பிள்ள தொட்டில்ல இருந்த காலத்தில, ஆபீஸ் சொல்லுறபடி இங்க வேல செஞ்சது பாக்கியலெட்சுமி. அழுத பிள்ளய அமத்தினது நீங்க. அப்ப அவங்க எங்க இருந்தாங்க?"

"அவங்களும் இருந்தாங்க. நான் ஒத்தாசைக்கு நின்னேன்."

"ஒத்தாசைக்கு நின்டவங்க எத்தினயோ பேர் இருப்பாங்க. அதுக்கு நாங்க கிரெடிட் குடுக்கேலாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யாரு தீர்மானம் எடுத்தது? தாய்க்கு யாரு பதில் சொன்னது? அதத்தான் நான் கேக்கிறேன். பொறுப்பு யார்ட?"

சுபாஜினி தொட்டில் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தாள். அந்த வருஷங்களில் எல்லாத் தீர்மானமும் அவளுடையது. பொறுப்பு மிஸ் வாரத்துக்கு இரண்டு நாள்தான் இங்கே இருப்பாள், மற்ற நாளெல்லாம் தோட்டத்தின் அடுத்த பிரிவில்; இன்றைக்கும் அங்கேதான். ஒரு மழை நாளில், உடம்பு கொதித்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அவள்தான். அதையெல்லாம் சொன்னால் மாமியார் அன்றைக்கு எங்கே என்ற கேள்வி வரும். மாமியார் லயத்தில், சுவரில் தலையணையைச் சாய்த்து, மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும்தான் மிஸ்," என்றாள்.

நளீரா மிஸ்ஸின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. போன வருஷம் ஒருத்தி தன் தங்கையின் அனுபவத்தைத் தன்னுடையது என்று சொல்லி வந்ததைப் பற்றிச் சொன்னார். நல்ல பிள்ளைதான், ஆனால் நாலு கேள்வியில் பிடிபட்டுவிட்டாளாம். கிரெடிட் என்பது இரக்கப்பட்டுக் கொடுக்கிற சாமான் இல்லை, பொய்யாகக் கொடுத்தால் நாளைக்கு ஒரு குழந்தைக்குத்தான் கேடு என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சுபாஜினிக்கு அதிகப் பயமாக இருந்தது.

அந்த நேரத்தில் பாடசாலை விட்டது.

மிஸ் ஒன்பது மணிக்கு வந்திருந்தால் இதற்குள் போயிருப்பார். நேரம் போனதைச் சுபாஜினி கவனிக்கவே இல்லை. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வழக்கம்போலக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாடசாலையிலிருந்து லயத்துக்குப் போகும் வழியில் இங்கே நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போவது அவர்களின் பழக்கம். எல்லாருமே இந்தத் தொட்டில்களில் கிடந்தவர்கள்.

முன்னால் வந்தவள் லோஷினி. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது.

"பாக்கியக்கா, தண்ணி."

பின்னால் வந்தவர்களும் கேட்டார்கள். பாக்கியக்கா, எனக்கு. பாக்கியக்கா, இவன் தள்ளுறான்.

நளீரா மிஸ் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"யாரு பாக்கியக்கா?"

அத்தனை விரல்களும் சுபாஜினியை நோக்கி நீண்டன. என்ன கேள்வி இது என்கிற மாதிரி லோஷினி மிஸ்ஸைப் பார்த்தாள்.

அந்த நாலு வருஷமும், வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, உங்களைப் பார்த்துக்கொள்வது யார் என்றுதான். ஆபீஸில் இருக்கிற பேரும் பிள்ளைகள் வாயில் வருகிற பேரும் வேறாக இருந்தால் வம்பு. அதனால் பேசத் தொடங்குகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி பாக்கியக்கா என்று சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவளும் சுபாஜினிதான். நாலு வருஷம் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்த்தாள். சொந்தப் பேரில் பதிந்த பிறகு வந்த சின்னதுகள் சுபாக்கா என்கின்றன. முந்தியவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. தினமும் காதில் விழுவதால், அதில் ஏதும் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றாமல் போய்விட்டது.

"நீங்க யாரு?" என்றார் நளீரா மிஸ். "சுபாஜினியா, பாக்கியலெட்சுமியா? அடையாள அட்டையக் காட்டுங்க."

சுபாஜினி கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். மிஸ் வாங்கிப் பார்த்தார். முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு லோஷினியின் உயரத்துக்குக் குனிந்தார்.

"மகள், பாக்கியலெட்சுமி எண்டு ஒரு வயசாளியும் இருக்காங்களே, அவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். விஜி மாமாவோட அம்மா."

"அவங்க இங்க உங்களத் தூக்கி வச்சிருப்பாங்களா?"

"அவங்க இங்க வரமாட்டாங்க. அவங்களுக்கு இளப்பு. படி ஏறுனா செத்துருவாங்கன்னு எங்கம்மா சொன்னாங்க."

மற்றப் பிள்ளைகள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த மாதிரியே கலகலவென்று போய்விட்டார்கள். கேட்டை யாரும் கொளுக்கி போடவில்லை.

நளீரா மிஸ் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப சொல்லுங்க," என்றார் நளீரா மிஸ்.

ஒரு பக்கம், அவள் தேய்த்துக் கழுவி வைத்த இந்தத் தரையும், அங்கே காலியாகப் போகிற நாற்காலியும். இன்னொரு பக்கம், மேட்டில் மழையில் நனைந்துகொண்டிருக்கிற அத்திவாரம். ஒரு வார்த்தை சொன்னால் ஒன்று போகும். சொல்லாவிட்டால் மற்றது போகும்.

படிக்கட்டில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. கத்தரிப்பூக் கலர் முதலில் தெரிந்தது.

பாக்கியலெட்சுமி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசுவதற்கு மூச்சு இல்லை. கையை உயர்த்தி, பொறு என்று காட்டினாள். எல்லாவற்றையும் முடித்துவைக்கத்தான் இந்தப் பயணம் என்று சுபாஜினி நினைத்தாள். நான்தான் வேலை செய்தேன், இவள் சும்மா வந்து போனவள் என்று சொல்லப்போகிறாள். சொல்லட்டும். பெரியவளுக்கு ஒரு வீடாவது மிஞ்சட்டும்.

நளீரா மிஸ் தன் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். கிழவி உட்காரவில்லை.

"இந்தப் பிள்ள ஒங்ககிட்ட என்ன சொன்னுச்சுன்னு எனக்குத் தெரியும் மிஸ். அப்பிடிச் சொல்லணும்னு வீட்டுல பேசி வச்சது. அத விட்டுருங்க."

மறுபடி மூச்சு வாங்கினாள்.

"பேருதான் என்னுது. வேல அவளுது. ஆறு வருஷமா நான் இந்தப் படி ஏறல. இன்னக்கித்தான் ஏறுறேன்."

"அத்தை, வீடு..."

"வீட்டப் பொறவு பாப்போம். ஒத்தக் காம்பராவுலதான ஒம் புருசன வளத்தேன். எங்க கொறஞ்சு போனான்?"

காலையில் ஆபீஸுக்குப் போனது கிளாக்கரைக் கூப்பிடத்தான் என்றாள். நீங்க வந்து உண்மையைச் சொல்லுங்க, நான் சொன்னா கெழவி உளறுறான்னு நெனப்பாங்க என்று கேட்டிருக்கிறாள். கிளாக்கர், உனக்கு வீடு வேணாமா என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். மத்தியானம் வரை விறாந்தையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, தானே புறப்பட்டு வந்துவிட்டாள்.

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னயத்தான நெனச்ச? காலையிலருந்து என் சேலையயே வெறிச்சுப் பாத்துக்கிட்டுருந்தியே. பதுளைலருந்து ஒரு மிஸ் வாறாங்க, அவங்க முன்னுக்குக் கிழிஞ்சதக் கட்டிக்கிட்டு வரச் சொல்றியா?"

சுபாஜினிக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக வந்தது. அருகில் போய் மாமியாரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நளீரா மிஸ் ஸ்டூலை மறுபடி பாக்கியலெட்சுமியின் பக்கம் நகர்த்தினார். பேசும்போது குரல் சற்று இறங்கியிருந்தது. தான் கண்டதைத்தான் தன்னால் எழுத முடியும் என்றார். வேலை சுபாஜினியுடையது என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள், அதை எழுதினால் கிரெடிட் கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் ஏன் வேறு பேரில் என்ற காரணத்தையும் எழுதவேண்டும். அதன் பிரதி தோட்டத்து ஆபீஸுக்கும் வரும்.

"வீட்டக் குடுக்கிறதும் எடுக்கிறதும் என்ட கையில இல்ல. நாளைக்குக் காலைல வரைக்கும் நான் எழுதமாட்டேன். ரெண்டு பேரும் யோசிச்சு எனக்குச் சொல்லுங்க."

குடையை எடுத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டு சொல்லவேணும். போன் பண்ணினது உங்கட மாமி எண்டு உங்களுக்கு ஐமிச்சம் இருந்ததா? எனக்கு இருக்கல்ல. அந்தப் போன நான்தான் எடுத்தேன். அது ஆம்பிளக் குரல்."

"கிளாக்கரா இருக்குமா?" என்றாள் பாக்கியலெட்சுமி.

"வயசாளி இல்ல. நல்லாப் பேசத் தெரிஞ்ச ஆள். பேர் கேட்டேன், வச்சிட்டார்."

சுபாஜினி யோசித்தாள். தோட்டத்தில் நன்றாகப் பேசத் தெரிந்த ஆண்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் யாருக்கு இந்த விஷயம் தெரியும்? யோசனை ஒரு இடத்தில் போய் முட்டியது. அந்த இடத்தை அவள் பார்க்க விரும்பவில்லை.

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். தூரத்தில் மேல் திருப்பத்தில் கொழுந்து லொறி இறங்கி வரும் சத்தம். சுபாஜினி மிஸ்ஸின் குடையை வாங்கி விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நொடியில்தான் மேட்டு லயத்துக்காரியின் குட்டி, தூக்கத்திலிருந்து எழுந்து, எல்லாருடைய கால்களுக்கும் நடுவே நழுவி, கொளுக்கி போடாத கேட்டைத் தாண்டிப் பாதையில் இறங்கியது.

"சுபா! பிள்ள! பிள்ளயப் புடி!"

மலை எதிரொலிக்கிற குரல். சொல்லி முடிப்பதற்குள் விஜேந்திரன் ஆட்டோவிலிருந்து பாய்ந்து, குழந்தையை அள்ளி, ஓரத்துத் தண்ணீர்க் கானில் கால் வைத்து நின்றுவிட்டான். லொறி ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்து போனது. கொழுந்து வாசம் மட்டும் பாதையில் மிச்சம் இருந்தது.

குழந்தை சிரித்தது. அதற்கு அது விளையாட்டு.

நளீரா மிஸ் குடைக்கு வெளியே, மழையில் நின்றுகொண்டிருந்தார். நனைவது அவருக்குத் தெரியவில்லை. அவர் விஜேந்திரனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலை இதற்கு முன் எங்கே கேட்டோம் என்று தேட வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை. மெல்லத் திரும்பிச் சுபாஜினியைப் பார்த்தார்.

விஜேந்திரன் குழந்தையைக் கொண்டுவந்து சுபாஜினியின் கையில் கொடுத்தான். கண்ணைப் பார்க்காமல் கொடுத்தான். நழுவிக் கிடந்த சால்வையை எடுத்து மறுபடி கழுத்தில் சுற்றிக்கொண்டான்.

காலையில் அவள் தட்டிய இஞ்சியின் காரம் இன்னும் விரல் இடுக்கில் இருந்தது.

சுபாஜினி குழந்தையை மாமியாரின் கைக்கு மாற்றினாள்.

"அத்தை, கொஞ்ச நேரம் பிள்ளைகளப் பாத்துக்கங்க. தாய்மாருக வந்துருவாங்க. கேட்டுக்குக் கொளுக்கியப் போட்டுக்கங்க."

"நீ எங்கடி போற?"

"மிஸ்ஸ லுணுகலைல விட்டுட்டு வாறேன்."

அவளும் ஏறி மிஸ்ஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விஜேந்திரன் சாவியைத் திருகினான். ஆட்டோ இரண்டு தரம் இருமிவிட்டுப் புறப்பட்டது. லொறி புரண்ட திருப்பம் வந்தது, போனது. புலி படுத்திருந்த பாறை வந்தது. முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் அவன் கண்கள் ஒரு தரம் அவளைத் தேடி வந்தன.

அதற்காகத்தான் காத்திருந்தவள் மாதிரிச் சுபாஜினி கேட்டாள்.

"தொண்ட சரியாயிருச்சா?"

இந்த முறை விஜேந்திரனுக்கு உண்மையாகவே குரல் வரவில்லை.